ஒரு கணினி, நான்கு இருக்கைகள்



1916இல் சுவாமி சகஜானந்தர் இந்தச் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். வகுப்பறையில் இடம் என்பது அன்றைய கேள்வி. கணினி முன்னால் இடம் என்பது இன்றைய கேள்வி.

கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளுக்குக் கூடுதல் கணினி கேட்டால், நிதி இல்லை என்பார்கள். அதற்குப் பதில் இருக்கிறது. நாம் தட்டச்சு செய்யும்போது கணினியின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. லினக்ஸ் நிறுவிய ஒரே சிபியுவில் கூடுதல் கிராபிக்ஸ் கார்டுகளைச் செருகி, ஆளுக்கொரு திரை, கீபோர்டு, மவுஸ் கொடுத்தால் நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. பிரேசில் அரசுப் பள்ளிகளில் 2009 வாக்கிலேயே இது வந்துவிட்டது. சிபியு பழுதானால் நால்வரும் எழுந்துவிட வேண்டியதுதான். அந்தக் குறையையும் தெரிந்தே கேட்போம்.

ஆனால், ‘பொது’ என்று சொன்னதாலேயே எல்லோருக்கும் கிடைத்துவிடாது. மகாடு நகராட்சி சவுதார் குளத்தை 1924இல் எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927இல் அம்பேத்கர் தலைமையில் திரண்டு போய்த்தான் நம் மக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்.

ஒரு கணினிக்கு ஒரு கீபோர்டு என்றால் வரிசை வரும். வரிசையின் கடைசியில் யார் நிற்பார் என்பது நமக்குத் தெரியும். நான்கு இருக்கை என்றால் நால்வரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல், தனிக் கோப்புகள். யார், எப்போது என்ற பட்டியலை அகரவரிசைப்படி சுவரில் ஒட்டச் சொல்வோம்.

இன்னொன்று. இந்தச் சிக்கனம் சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் ஏற்க மாட்டோம். ஆட்சியர் அலுவலக மேசைகளுக்கும் அதே சிக்கனம் வரட்டும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நான்கு இருக்கை போடுங்கள் என்று கேட்போம்.