மாடிப்படிக்கு ஏற்ற கைபிடி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, கல்லடியிலும் காத்தான்குடியிலும் வீசும் உப்புக்காற்று, இரும்புக் கைபிடியை விரைவில் அரித்துவிடும். வினைல் எனும் பிளாஸ்ரிக் கைபிடியோ துருப்பிடிப்பதில்லை. ஆயினும், துருப்பிடியாமை வேறு, உறுதி வேறு. உள்ளீடற்ற வினைல் குழாய் கடும் வெயிலில் இளகி வளையும். ஆதலால், உள்ளே அலுமினியச் சட்டம் பொருத்தியதையே தெரிந்தெடுங்கள். தூண்களைத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளால் கொங்கிறீற்றுப் படியில் இறுக்குங்கள். வினைல் வெப்பத்தால் நீளுமாகையால், இணைப்புகளில் சிறிது இடம் விடுங்கள். கைபிடி, படியின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் உயரத்தில் அமையட்டும். கம்பிகளின் இடைவெளி 10 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. குழந்தையின் தலை அதனுள் நுழைந்துவிடக் கூடாதன்றோ? வேலை முடிந்ததும், ஒவ்வொரு தூணையும் முழுப்பலத்துடன் தள்ளிப் பாருங்கள். சற்றே அசைந்தாலும், அதனைத் திருத்தும்வரை முதியோரை அதை நம்பி ஏறவிடாதீர்கள்.