இருப்புப் பாதையும் மறந்துபோன ஒரு சொல்லும்



மொழியியல் பயின்றவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். இன்று நான் ஓர் இருப்புப் பாதைத் தொழிலாளியின் மகனாகச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் 1903இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1932இல் பாதை மாற்றி அமைக்கப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையமும் புக்கிட் தீமா நிலையமும் எழுந்தன. தண்டவாளங்களைச் செப்பனிடும் குழுவில் என் தந்தையார் பணிபுரிந்தார். புக்கிட் தீமாவில் பாதையோரக் குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்தோம். 1957இல் டீசல் எஞ்சின்கள் வந்த பின்னும், என் பள்ளிப் பருவத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வண்டி கண்ணுக்குத் தெரியுமுன் அடுக்களைத் தம்ளர்கள் அதிரும். அம்மா ஓடிச்சென்று கொடியில் உலரும் வேட்டிகளை எடுப்பார். தவறினால் வெள்ளை வேட்டியில் கரும்புள்ளிகள் விழும்.

பள்ளிப் பாடநூலில் அது 'புகைவண்டி'. வீட்டில் அது 'ரயில்'. மலாய் நண்பர்கள் 'கெரெத்தா அப்பி' என்றார்கள். சீன நண்பர்கள் 'ஹுவோச்சே' என்றார்கள். அவ்விரண்டுக்கும் 'தீவண்டி' என்பதே பொருள். ஒரே எஞ்சினைப் பார்த்து, அவர்கள் தீயைக் கண்டார்கள். தமிழர் புகையைக் கண்டார்கள். பின்னர் தீயும் புகையும் மறைந்தன. பெயர்கள் மட்டும் நின்றன. ஒரு பொருள் மாறிய பின்னும் அதன் பழைய உருவத்தைச் சொல் காத்து வைத்திருக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வகுப்பறைக்குத் தேவையில்லை.

தொழிலாளர் பேச்சிலும் இலக்கணம் இருந்தது. 'ஸ்டேஷன்' அவர்கள் வாயில் 'டேசன்' ஆயிற்று. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் இணைந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை. எனவே முதல் மெய்யைக் கழித்தார்கள். டகரம் முதலில் நிற்பது மட்டும் அயல்மொழியின் அடையாளமாக எஞ்சியது. தண்டவாளத்தின் கீழ்க் கிடக்கும் மரத்தைச் 'சிலிப்பர் கட்டை' என்றார்கள். ஆங்கிலச் சொல்லின் அருகிலேயே அதன் பொருளைத் தமிழில் கட்டி வைத்துவிட்டார்கள். சமிக்ஞைக் கம்பத்திற்கோ அவர்கள் ஆங்கிலத்தை நாடவே இல்லை, அது 'கைகாட்டி'.

இனி நான் வருந்தும் செய்திக்கு வருகிறேன். அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரு வண்டிகள் ஒரே பகுதிக்குள் நுழையாதிருக்க ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட கருவிகள் இருந்தன. அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறவுகோலைத்தான் வெளியே எடுக்க முடியும். அது கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டுமே அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். அத்திறவுகோலைப் பெரிய வளையத்தில் கட்டிய பையில் இட்டு, வண்டி மெதுவாக நகரும்போதே கைமாற்றுவார்கள். அந்த வளையத்திற்குத் தந்தையாரும் அவருடைய தோழர்களும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாள்தோறும் கேட்ட பெயர். அது எனக்கு இப்போது நினைவில் இல்லை.

கல்வெட்டுத் தமிழின் வினைவடிவங்களை நான் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், என்ன படிக்கிறாய் என்று தந்தையார் கேட்டார். "சொற்களைப் பத்திப்பா" என்றேன். "சொல்லா? எங்க கேங்குக்கு வா, நெறைய இருக்கு" என்று சிரித்தார். நான் போகவில்லை. நூறாண்டுக்கு முன் மறைந்த சொல்லைத் தேடுவது ஆய்வு என்றும், உணவு மேசையில் கேட்கும் சொல் வெறும் பேச்சு என்றும் அன்று எண்ணினேன். சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார்.

2011 ஜூன் 30, அப்பாதையில் ரயில் ஓடிய கடைசி நாள். புக்கிட் தீமாவில் கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். ஊழியர் வளையத்தை நீட்டியபோது, அருகிலிருந்த சிறுமி, "தாத்தா, அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டாள். அது இயங்கும் விதத்தை முழுமையாக விளக்கினேன். பெயரைச் சொல்ல முடியவில்லை.

நிலையக் கட்டடங்கள் இன்று பாதுகாக்கப்படுகின்றன. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வேயில் வழிபட்ட முனீஸ்வரன், காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயில் கொண்டிருக்கிறார். கட்டடத்தைக் காக்கச் சட்டம் உண்டு. தெய்வத்தைக் காக்க அடியார் உண்டு. தொழிலாளியின் சொல்லைக் காக்க வேண்டியவன் நான். நான் தவறிவிட்டேன்.

மாணவர்களே, இன்று வீடு திரும்பியதும் தாத்தா பாட்டியிடம் அவர்கள் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் யார், எந்தத் தொழிலில், எந்த இடத்தில் வழங்கியது என்பதையும் குறியுங்கள். அவர்கள் ஒலித்தபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஆசிரியர்களே, அந்தக் குறிப்பேட்டைக் கட்டுரைக்குரிய மதிப்போடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவ்வாறு எழுதும்போது, ரயில்வேயில் வேலை செய்த முதியவர் எவரேனும் அந்த வளையத்தின் பெயரைச் சொன்னால், அருள்கூர்ந்து எனக்கும் தெரிவியுங்கள்.