தேடி வருபவரின் சொல்

ஒரு தொழில் நிறுவனம் தன் விளம்பரப் பணத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதா, தேடுபொறியில் தன் பெயர் மேலே வருவதற்குப் போடுவதா என்பது இந்தக் கருத்தரங்கின் கேள்வி. துணிக்கடையையும் உணவகத்தையும் மனத்தில் வைத்து இதற்குப் பலர் விடை சொல்லிவிட்டார்கள். நாம் கூடியிருப்பதோ ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்ததும், கலிபோர்னியாவில் கூகுள் ஒரு நிறுவனமாகப் பதிவானதும் ஒரே ஆண்டில், 1998இல். இரண்டும் இத்தனை வளர்ந்த பின்னும், இங்கே உதிரிபாகம் செய்யும் எத்தனையோ சிறு பட்டறைகள் தேடுபொறியின் கண்ணுக்குத் தெரியாமலேயே இருக்கின்றன. அவற்றுக்குத் தேடுபொறிதான் முதல் தேவை, சமூக ஊடகம் அதற்குப் பிறகுதான் என்பது என் வாதம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில்தடத்தின் பெரிய பெயர்களை, ஹூண்டாய், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சாம்சங், செயின்ட் கோபைன் ஆகியவற்றை, யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு நேரடியாகப் பொருள் கொடுப்பவர்கள் முதல் அடுக்கு. அவர்களுக்குக் கொடுப்பவர்கள் இரண்டாம் அடுக்கு. அதற்கும் கீழே திருமுடிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் கிண்டியிலும், சிப்காட் வளாகங்களை ஒட்டிய கிராமச் சாலைகளிலும் கடைசல், வெல்டிங், முலாம், ரப்பர் வார்ப்பு, அட்டைப்பெட்டி என்று ஜாப் ஒர்க் செய்பவர்கள். இவர்களுடைய வாடிக்கையாளர் பொழுதுபோக்காகக் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பவர் அல்லர், ஒரு பர்ச்சேஸ் அதிகாரி. வழக்கமான சப்ளையர் கைவிட்டதும், லைன் நிற்பதற்குள் அதே பாகத்தைச் செய்து தர அவருக்கு வேறோர் ஆள் வேண்டும். உலோகத்தின் தரம், செய்முறை, அளவு, ஊர் ஆகிய நான்கையும் சேர்த்து அவர் தட்டச்சு செய்கிறார். அந்த நேரத்தில் அவர் முன்னால் வராத பட்டறைக்கு ஆயிரம் லைக் இருந்தும் பயன் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் திருக்கோட்டியூரில் கோபுரம் ஏறி ஊரைக் கூட்டி மந்திரத்தைச் சொன்னதை நாம் மறக்கவில்லை. அதற்கு முன் அதே ஊருக்குப் பதினெட்டு முறை அவர் நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்வதைத்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை. சமூக ஊடகம் கோபுரத்திலிருந்து கூப்பிடுகிறது. தேடுபொறி நடந்து வருபவருக்கு வழி காட்டுகிறது. நம் பட்டறைகளுக்கு வரவேண்டியவர் நடந்து வருபவர்.

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதன் விலை என்னவென்று இவ்வட்டாரம் இரண்டு முறை பார்த்திருக்கிறது. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஃபோர்டு இந்தியாவில் வண்டி தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறுஆண்டு மறைமலைநகர் ஆலை ஓய்ந்தது. இத்தகைய நேரத்தில் ஒரே வாடிக்கையாளரை நம்பிய பட்டறைக்கு எந்திரம் இருக்கும், கைத்திறன் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள், வங்கிக் கடனும் இருக்கும். தன் திறமை இன்னதென்று வெளியே யாருக்கும் தெரிவித்த எழுத்து மட்டும் இருக்காது. அது செய்த பாகம் இன்னொருவர் சின்னத்தின் கீழ் சாலையில் ஓடுகிறது, வரைபடமும் வாடிக்கையாளருடையது. இருபது ஆண்டு உழைப்பு ஓரிடத்திலும் அதன் பெயரில் பதிவாகவில்லை. என்னை வருத்துவது இதுதான்.

எழுதியிருக்கும் பட்டறைகள் என்ன எழுதியிருக்கின்றன என்றும் பார்க்கவேண்டும். தரமே தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே குறிக்கோள் என்று இரண்டு வரி; எங்கோ அயல்நாட்டு ஆலையில் எடுத்த படம். இந்த வரிகளை யாரும் தேடுவதில்லை. பிரஸ் எத்தனை டன், லேத்தில் எவ்வளவு விட்டம் வரை பிடிக்கலாம், எத்தனை மைக்ரான் துல்லியம் கிடைக்கும், எந்த எஃகில் வேலை செய்து பழக்கம், ஐ.ஏ.டி.எஃப். சான்று உண்டா, மாதம் எத்தனை எண்ணிக்கை கொடுக்க முடியும் என்பவைதாம் தேடப்படும் சொற்கள். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பெயர் பரவியிருக்கும் அளவு ஆகிய மூன்றையும் முதன்மையாக வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. இதில் தொலைவு என்ற ஒன்றே நம்மூரில் சிக்கல். ஒரகடம் என்ற பெயரில் அம்பத்தூரிலும் ஓர் ஊர் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை ஆங்கிலத்தில் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். முகவரியில் ஒரு கிராமம், தபால் நிலையத்தில் வேறு கிராமம், பலகையில் சிப்காட்டின் பெயர். பில்லில் ஒருவிதம், இணைய வரைபடத்தில் ஒருவிதம், இணையதளத்தில் மற்றொருவிதம் என்று இருக்கும் பட்டறையைத் தேடுபொறி மூன்று பட்டறைகளாக எண்ணக்கூடும். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒரு வாரப் பொறுமை போதும்.

இங்கே தொழில் நடப்பது அறிமுகத்தாலும் ஆடிட்டாலும்தான், கூகுளால் அல்ல என்று தொழில்முனைவோர் மறுக்கலாம். அதில் உண்மை உண்டு. கார் ஆலையின் சப்ளையர் பட்டியலில் ஏறுவதற்கு நேரில் வந்து சோதிப்பார்கள், மாதிரி கேட்பார்கள், மாதக்கணக்கில் காத்திருக்கவைப்பார்கள். ஆனால் அந்தச் சோதனைக்கு யாரை அழைப்பது என்ற முதல் பட்டியலை யாரோ ஒருவர் போட்டாகவேண்டும். நண்பர் சொன்ன பெயரைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இன்று தொலைபேசியை எடுக்கிறார்கள். வாடிக்கையாளரின் பாகத்தைப் படமெடுத்துப் போட ஒப்பந்தம் இடம் தராது என்பது இன்னொரு மறுப்பு. அவர்களுடைய பாகத்தைக் காட்டவேண்டாம், உங்கள் எந்திரத்தின் திறனைச் சொல்லுங்கள், அது உங்களுடையது.

சமூக ஊடகத்தை நான் தள்ளிவிடவில்லை. ஷிஃப்டுக்கு ஆள் எடுக்க வாட்ஸ்அப் குழுவைப்போல விரைவானது வேறில்லை. ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் வேலைச் செய்தியை அங்குதான் பார்க்கிறார்கள். விடுதி, மெஸ், இருசக்கர வாகனக் கடை ஆகியவற்றுக்கு இன்ஸ்டாகிராம் உண்மையிலேயே உதவும். ஆனால் அந்த மேடையில் கட்டியது நிலைக்கும் என்று நம்பக்கூடாது. 2018 தொடக்கத்தில் ஃபேஸ்புக் நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முதலிடம் என்று முறையை மாற்றியபோது நிறுவனப் பக்கங்கள் பின்னுக்குப் போயின. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது அதில் சேர்த்த பார்வையாளர் கூட்டம் ஒரே இரவில் போயிற்று.

தேடுபொறியும் வாடகை வீடுதானே என்று கேட்பவர்களின் வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. சிறு வணிகர்களுக்குக் கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த இணையதளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. 2024 முதல் தேடலின் தலைமாட்டிலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை நம் நாட்டிலும் வருகிறது. தளத்துக்குள் வராமலேயே படித்துவிட்டுப் போகிறார்கள். செய்தித்தளத்துக்கும் சமையல் குறிப்பு எழுதுபவருக்கும் இது பேரிழப்பு. மாதம் மூன்று நல்ல விசாரணை வந்தால் போதும் என்றிருக்கும் பட்டறைக்கு அப்படி இல்லை. அந்த விடையில் பெயர் இடம்பெற்றாலே வேலை ஆயிற்று. அந்தத் தொகுப்பும் எங்கோ எழுதிவைத்ததிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி அதில் எழுதிவைப்பதே தளத்துக்குள் வந்து படித்த காலத்துக்கும் தொகுத்த விடையைப் படிக்கும் காலத்துக்கும் பொருந்தும். முப்பது நாளில் முதல் பக்கம் என்று உறுதி கூறி வருபவரிடம் பணம் கொடுக்கவேண்டாம். முதலிடத்தை யாரும் உத்தரவாதம் செய்ய முடியாது என்று கூகுளே சொல்கிறது. விலைக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே வந்த தளங்களை அது தண்டித்தும் வருகிறது.

இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளில் ஒரு வேலையையாவது தொடங்கிவைக்க வேண்டுகிறேன். பட்டறையில் பேசும் சொல்லும் பர்ச்சேஸ் அதிகாரி தட்டும் சொல்லும் ஒன்றல்ல. கடைசல் என்றும் டர்னிங் என்றும், தகடு வேலை என்றும் ஷீட் மெட்டல் என்றும் இரண்டு மொழியில் ஒரே தொழில் நடக்கிறது. கைபேசியில் தமிழில் பேசித் தேடும் மேற்பார்வையாளருக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஆய்வு மாணவர்கள் சிப்காட் வளாகம் வளாகமாகச் சென்று சோதித்து, இரு பக்கச் சொற்களையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாரித்தால், ஜாப் ஒர்க் செய்பவர் மறுநாளே அதை எடுத்துத் தன் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.