பெரிய பில்லும் சிறிய பில்லும்

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் மருத்துவ உதவித் திட்டத்தில் ஒரு மாற்றம் கொண்டுவர இருக்கிறோம். அதற்கு முன் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் மூச்சுத்திணறலும் கால் வீக்கமுமாக மருத்துவமனையில் சேர்ந்தார். பில்லை நாம் கட்டினோம். வீடு திரும்பியவருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. உடம்பு தேறியதும் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்காம் மாதம் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பெரிய பில்லைக் கட்டிய நாம் சிறிய பில்லைப் பார்க்கவில்லை.

அவருக்கு இருந்தவை இரண்டு நோய்கள். ஒன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது. மற்றொன்று இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டு இதயம் நின்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம்; உடலுக்குத் தேவையான ரத்தத்தை அனுப்பும் பலம் அதற்கு இல்லை என்பதே பொருள். இவை ஒன்றையொன்று வளர்க்கும். தாறுமாறான வேகம் இதயத்தைக் களைக்க வைக்கும். களைத்த இதயத்தில் மேலறை விரிந்து துடிப்பு இன்னும் குலையும். நடுங்கும் அறையில் தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆகவே சிகிச்சையில் மூன்று வேலைகள் உண்டு: ரத்தம் உறையாமல் காப்பது, துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, முடிந்தால் துடிப்பையே ஒழுங்குக்குக் கொண்டுவருவது. இவற்றோடு இதயச் செயலிழப்புக்கான மாத்திரைகளும் தொடர வேண்டும்.

மூன்றாவது வேலை குறித்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். 2008இல் வெளியான ஏ.எஃப்-சி.எச்.எஃப் ஆய்வில் 1,376 நோயாளிகள் பங்கேற்றனர். மருந்தால் துடிப்பை ஒழுங்காக்கியதற்கும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தியதற்கும் இதயநோய் மரணத்தில் வித்தியாசம் இல்லை. மற்றொரு வழி கத்தீட்டர் அப்ளேஷன். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, தவறான மின்துடிப்பு கிளம்பும் இடத்தைத் தனிமைப்படுத்தும் முறை இது. 2018இல் வெளியான காஸில்-ஏ.எஃப் ஆய்வில், இவ்விரு நோயும் உள்ள 363 பேரில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதம் பேர் இறந்தனர். அப்ளேஷன் செய்தவர்களில் 13.4 சதவீதம். ஆனால் 2022இல் வெளியான ராஃப்ட்-ஏ.எஃப் ஆய்வில், 411 பேரிடம், அந்த நன்மை ஐயமற நிரூபணமாகவில்லை. எனவே இது எல்லாருக்கும் அல்ல. யாருக்கு என்று இதயநோய் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று. 'விலை கூடிய புது மாத்திரையே வேண்டும்' என்று சிலர் மனுத் தருகிறார்கள். பலருக்கு அது பொருத்தமானதே. ஆனால் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களின் நிலை வேறு. அத்தகையவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட இன்விக்டஸ் ஆய்வில், ரிவராக்ஸபான் என்ற புது மருந்தைவிட வார்ஃபரின் போன்ற பழைய மருந்து பெற்றவர்களிடமே மரணம் குறைவாக இருந்தது. பழைய மருந்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். அளவு குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும்.

இதனால் நிர்வாகக் குழு எடுத்திருக்கும் முடிவு இது. இதய நோய்க்கு மருத்துவமனைச் செலவு தரும்போதே, அக்குடும்பத்திற்கு ஓராண்டு மாத்திரைக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கும் சேர்த்து ஒதுக்குவோம். மாதம் ஒருமுறை நம் தொண்டர் வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைப் பார்ப்பார். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரமளானைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'நோன்பு மாதம்தானே, ஈதுக்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம்' என்று நிறுத்துபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு வைக்கலாமா, வைத்தால் எந்த மாத்திரை ஸஹரில், எது இஃப்தாருக்குப் பின் என்பதை ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்பு தாளம் தப்பி வந்தால் இ.சி.ஜி. எடுக்க அழைத்துச் செல்லுங்கள். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ உடனே அழையுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் பள்ளிக்கு வருகிறார், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு. அவரைப் பார்க்கும்போதெல்லாம் நம் கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட அந்தச் சிறிய தொகை நினைவுக்கு வருகிறது. இனி அதை எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். அவருக்கும், நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.