வண்டியின் மெருகும் வெடிச் சாம்பலும்



சிவகாசியில் தீபாவளிக்கு மறுநாள் காலை ஒரு தனிக் காட்சி. நாடெல்லாம் கொளுத்துவதற்கென்று ஆண்டு முழுவதும் வெடி செய்து அனுப்பிய ஊர், தன் பங்குக்கும் கொளுத்திவிட்டுச் சற்று அயர்ந்திருக்கும். தெருவெங்கும் காகிதத் துகள். வீட்டு வாசல்களில் நிற்கும் மோட்டார் வண்டிகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம். அதன் மேல் ஐப்பசி மாதத்துப் பனி ஈரம். அந்தப் படலத்தை வர்ணம் கெடாமல் அகற்றுவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்கென்று ஒரு வானொலி உரை வேண்டுமா என்று மாணவ நண்பர்கள் நினைக்கலாம். எனக்கு அந்தப் பாடம் மலிவாகக் கிடைக்கவில்லை.

1974-ஆம் ஆண்டு. எனக்குப் பதினேழு வயது. சாத்தூர் சாலையில் என் தாய்மாமன் வைத்திருந்த வர்ணம் பூசும் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். தீபாவளிக்கு மறுநாள், ஒரு டாக்டரின் கறுப்பு அம்பாசடர் வந்து நின்றது. மாலையில் விருதுநகரில் ஒரு கலியாணம். வண்டியைச் சற்றுத் துடைத்துத் தரவேண்டும், அவ்வளவே. மாமா சாப்பிடப் போயிருந்தார். கிணற்றில் நீர் இறைக்கச் சோம்பல்பட்டு, பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து, என் இளமை வலுவையெல்லாம் காட்டி உலரத் தேய்த்தேன். நிழலில் வண்டி கண்ணாடி போல் மின்னிற்று. வெயிலில் தள்ளி நிறுத்தியபோதுதான் தெரிந்தது: சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரம் கீறல்கள்!

மாமா வந்தார், திட்டவில்லை. நான் பயன்படுத்திய துணியை என்னிடமே கொடுத்து, "இதை உன் கட்டை விரல் நகத்தில் தேய், தம்பி" என்றார். தேய்த்தேன். நகத்தின் பளபளப்புப் போய்விட்டது. டாக்டர் வாடகை வண்டியில் கலியாணத்துக்குப் போனார். மாமா தம் செலவில் வண்டியின் முன்மூடிக்கும் கூரைக்கும் புதிதாக வர்ணம் பூசிக் கொடுத்தார். அந்த மாதம் எனக்குச் சம்பளம் இல்லை. கேட்க எனக்கு வாயும் வரவில்லை.

அந்தத் துணியில் என்ன இருந்தது? பிற்காலத்தில் ஒரு வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெடிமருந்தின் பழைய கூட்டு வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றுந்தான். அது எரிந்தபின் எஞ்சுவதில் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற உப்புகள். இவை நீரில் கரைபவை. கரைத்தால் ஓடிவிடும், கரைக்காமல் விட்டாலோ, பனி ஈரத்தை உறிஞ்சிக் காரக் குழம்பாக வர்ணத்தின் மேலே உட்கார்ந்து அதன் ஒளியை மங்கச் செய்யும். ஆனால் ஒளியும் ஓசையும் மிகுந்த இன்றைய வெடிகளில் அலுமினியத் தூளும் உண்டு. தொழிலாளர் கைகளில் வெள்ளி பூசியதுபோல் ஒட்டியிருக்குமே, அதுதான். எரிந்தால் அது அலுமினியம் ஆக்சைடு ஆகிறது. எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது கரையாது. உப்புத்தாள்களில் பலவற்றின் மேல் ஒட்டப்படும் சொரசொரப்பான பொருளும் அலுமினியம் ஆக்சைடேதான்! போதாக்குறைக்கு நம் கரிசல் புழுதியும் அதனோடு சேர்ந்துகொள்ளும். நான் அன்று வண்டியைத் துடைக்கவில்லை, இழைத்தேன்.

வர்ணத்திற்கும் வெடிமருந்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பது சிவகாசிப் பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கும். 1920-களின் தொடக்கம்வரை மோட்டார் வண்டிக்கு வார்னிஷ் பூசி உலர வைக்க வாரக் கணக்கில் ஆகும். அமெரிக்க நாட்டு டூபாண்ட் கம்பெனி 'டூக்கோ' என்ற பூச்சைக் கொண்டுவந்த பிறகு அது மணிக்கணக்காகக் குறைந்தது. அதன் மூலப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ். புகையில்லா வெடிமருந்தின் மூலப்பொருளும் அதுதான். பூச்சு மாறிவிட்டது; பெயர் மட்டும் நம் பட்டறைகளில் இன்னும் வழங்குகிறது.

இன்றைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு தெளிபூச்சு இருக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய 40 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்; நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான். வெயிலைத் தடுப்பது அந்தத் தெளிபூச்சே. கீறலைப் போக்க ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் ஓரிரு மைக்ரான் தேய்கிறது. முதலிலிருந்து எடுத்துச் செலவழிப்பது போலத்தான். திரும்பச் சேர்க்க வழியில்லை.

ஆகையால், முதலில் நீர். வண்டி நிழலில் நிற்கட்டும், தகடு ஆறியிருக்கட்டும். மேலிருந்து கீழாகத் தாராளமாக ஊற்றுங்கள், கை வைக்கவேண்டாம். பிறகு, வண்டிக்கென்றே விற்கும் ஷாம்பு நீர் ஒரு வாளியில், துணி அலச வெறும் நீர் மற்றொரு வாளியில். மென்மையான துணியை நேர்கோட்டில் இழுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அலசியவுடன் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடவேண்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு நீர். வெயிலில் தானே காயவிட்டால் வெள்ளைத் திட்டுகளை விட்டுப்போகும்.

இதன் பின்னும் ஒட்டியிருப்பவை சில உண்டு. மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள்; வெறுங்கைக்குத் தெரியாத நறநறப்பும் தெரியும். தார்ப்புள்ளி என்றால் துணி முனையில் சிறிது மண்ணெண்ணெய், உடனே சோப்பு நீர். கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்ற வண்டியில் சிமெண்டு படிந்திருந்தால், நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சற்றுநேரம் வைத்து இளகவிட்டு, பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும், சுரண்டக்கூடாது. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் துருப்புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கரைக்க ஒரு திரவம் விற்கிறார்கள். இரும்பைக் கண்டதும் ஊதா நிறமாகிவிடும். முடியைச் சுருளச் செய்யும் மருந்தில் சேரும் தயோகிளைக்கோலேட் வகைதான் இதிலும் இருப்பது. நாற்றம் தாங்காது! காயுமுன் கழுவவேண்டும்.

கடைசியில்தான் 'களிமண்'. ஜப்பானியர் உருவாக்கி, 1990-களில் உலகெங்கும் பரவியது. பெயரில்தான் மண், உண்மையில் மிக நுண்ணிய தேய்பொருள் கலந்த பிசின். சோப்பு நீரைத் தெளித்து, விரலின் எடை மட்டும் படும்படி நகர்த்தினால் ஒட்டியவற்றைப் பெயர்த்துத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அதுவும் சிறிது தேய்க்கவே செய்யும். எனவே ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். கை தவறித் தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் எறிந்துவிடுங்கள். கரிசல் மண்ணைத் தூக்கிக்கொண்டுதான் அது திரும்பி வரும்.

அந்த டாக்டரின் அம்பாசடர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எங்கள் பட்டறைக்கே வந்தது. நானும் தொழில் கற்றுத் தனியாக வர்ணம் பூசும் நிலைக்கு வந்துவிட்டேன். ஆனால் தீபாவளிக்கு மறுநாள் மட்டும் அவருடைய டிரைவர், "தம்பி, நீங்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தால் போதும்" என்று சொல்லி, துணியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்வார்.