குருநகர்க் கடலும் நமது கடமையும்
(கடற்றொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



கரையூர் என்னும் பழம்பெயரை இன்று முதியோர் சிலர் வாயிலாகத்தான் கேட்கின்றோம். குருநகர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெயர் மாறினும் பிழைப்பு மாறவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டையிற் கொடிகள் மாறின. அக்கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இக்கரையில் வாழ்ந்த நம் முன்னோரோ வள்ளத்தைத் தள்ளிக் கடலுக்குச் சென்றுகொண்டே இருந்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்த நாளில், 1687இல், கோவாவிலிருந்து ஏழை வேடத்தில் யாழ்ப்பாணக் கரையேறிய யோசேவ் வாஸ் அடிகளாரை நாம் மறந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் சட்டத்துக்கு அஞ்சி விசுவாசத்தைக் கைவிட்டவர்கள் அல்லர் என்பதற்காகவே இதனைச் சொல்லுகின்றோம்; சட்டத்தைப் பற்றி வேறொரு பேச்சும் பின்னர் வரவிருக்கின்றது.

நமது பரவைக் கடல் ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஆயினும் பெரும்பாலான இடங்களில் ஆளுயர ஆழம்கூட இல்லை. ஆழமற்ற இந்த நீர்தான் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். சிறகுவலை கட்டியவனும், கூடு வைத்தவனும், தூண்டில் போட்டவனும் அவரவர் எல்லை அறிந்து தொழில் செய்த காலம் ஒன்று இருந்தது. யார் எங்கே வலை கட்டுவது என்பதை ஊர் வழக்கமே தீர்த்து வைத்தது. அதற்கு அரசாங்கத்தின் முத்திரைக் கடதாசி தேவைப்படவில்லை.

இயந்திரம் வந்தது

ஐம்பதுகளின் பிற்பகுதியில் இயந்திரப் படகும் நைலோன் வலையும் இலங்கைக் கரைகளை எட்டின. பருத்தி நூல் வலையை நாள்தோறும் கழுவி, உலர்த்தி, சாயமேற்றிய வேலை குறைந்தது. அதுவரை காற்றை நம்பிப் பாய் விரித்தவன், அன்று முதல் எண்ணெய்க் கடைக்காரனையும் நம்ப வேண்டியவனானான். 1964இல் கடற்றொழிற் கூட்டுத்தாபனம் பிறந்தது. 1967இல் நோர்வே நாட்டு இளைஞர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் தொடங்கிற்று. படகு கட்டும் தளம் காரைநகரில். வலைத் தொழிற்சாலை குருநகரில். மீன் பிடிக்கும் ஊர், மீன் பிடிக்கும் கருவியையும் தானே செய்யும் ஊராயிற்று. நம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் வலை பொத்தியது போக, ஆலையில் சம்பளத்துக்கு வலை பின்னினர். பனிக்கட்டி, படகுத்துறை, வலை ஆலை என்று ஒரு கைத்தொழிற் பட்டினத்தின் சாயல் இந்தச் சிறு கரைக்கு வந்தது.

விளைவு சிறிதன்று. போர் மூளும் முன், இலங்கையின் கடல்மீன் உற்பத்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை யாழ்ப்பாண மாவட்டமே ஈந்தது. ஆயினும் அந்தச் செல்வம் எவர் கையில் தங்கியது? வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்த முதலாளிக்கே மீனை விற்க வேண்டும்; விலையைக் கூறுபவரும் அவரே; கணக்கை எழுதுபவரும் அவரே. இதில் அவரைக் கொடியவர் என்று ஏசிப் பயனில்லை. கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுக்காத இடத்தில் அவர் கொடுத்தார் என்பதும் உண்மையன்றோ!

பின்னர் வந்த கொடுமையை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. இங்கு அமர்ந்திருப்போருள் அதனை அறியாதார் யார்? 1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் நம் தொழிலாளர் 31 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆம் நாள் யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு வீழ்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே பெயர்ந்தது. திரும்பி வந்தபின்னும், பாஸ் இல்லாமல் படகு நகராது. நேரங் கடந்தால் கரையேற முடியாது. 2009 வரை நாம் நம் கடலைக் கரையில் நின்று பார்த்தவர்களாகவே இருந்தோம்.

அந்த வெற்றிடத்தில் யார் வந்தார்? இராமேசுவரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் இழுவைப் படகுகள் வந்தன. அவர்களும் தமிழர், அவர்களும் கடனாளிகள். 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் நோர்வேயின் உதவியோடு தொடங்கிய திட்டமும், அதனை அடுத்து எழுந்த இறால் ஏற்றுமதி ஆசையும் இந்தியக் கரை முழுவதும் இழுவைமடியைப் பரப்பின. அங்குள்ள கடல் வற்றியது. படகுகள் நம் பக்கம் திரும்பின. நமது வலைகள் அறுந்தன. நாம் முறையிட்டோம், மறியல் செய்தோம், கொழும்புக்கும் டில்லிக்கும் மகஜர் அனுப்பினோம். அது நியாயமே.

நம் கையிலுள்ள மடி

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இந்த ஊர்த்துறையிலும் இழுவைப் படகுகள் கட்டப்பட்டுள்ளன. சிறியவைதாம், இந்தியப் படகுகளோடு ஒப்பிட்டால் குழந்தைகள்தாம். ஆனால் மடி ஒன்றே. அது கடலடியைச் சுரண்டும்போது, இன்னும் முட்டையிடாத நண்டும், விரலளவு மீனும், கடற்புல்லும் சேர்ந்தே வருகின்றன. பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்கு மேல் ஆழமில்லாத கடல்; அங்கு மீன் ஒளிந்துகொள்ள இடமில்லை. 2017இல் நாடாளுமன்றம் அடியோட்டு இழுவையைச் சட்டத்தால் தடுத்தது. தடுத்தும் மடி ஓயவில்லை.

நெடுந்தீவானும் மெலிஞ்சிமுனையானும் நம்மைப் பார்த்து, "உங்கள் மடி அறுத்தாலும் எங்கள் வலை வலைதானே" என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? இராமேசுவரத்தான், "முதலில் உங்கள் துறையைத் துப்புரவாக்குங்கள்" என்றால் எந்த முகத்தோடு பேச்சுவார்த்தை மேசையில் இருப்போம்?

மடியை விடு என்று வாயாற் சொல்வது எளிது. படகொன்றை நம்பி உரிமையாளன் மட்டுமல்லன், பங்குக்குப் போகும் கூலியாட்களும், மீன் தெரிக்கும் பெண்களும் பிழைக்கின்றனர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, சிறுபடகுக்காரன் பட்ட பாட்டைக் கண்டவர்கள் நாம். மடியை விட்டவனை அந்தப் பாட்டுக்குள் வெறுங்கையோடு தள்ளிவிடுவது தொண்டன்று, துரோகம். பாக்கு நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்ற இந்தியா 2017இல் திட்டமிட்டது, மாறியவை சிலவே. கடன் சுமையும் ஆழ்கடற் பழக்கமின்மையும் காரணங்களாயின. அந்தப் பாடத்தையும் நாம் கற்க வேண்டும்.

கடலட்டைப் பண்ணைதான் மாற்று என்கின்றனர் சிலர். நம்மவர் உண்ணாத அந்த அட்டை சீனத்தில் பொன்விலை போவது உண்மை. ஆனால் பரவைக் கடலில் துண்டுதுண்டாக வேலியிட்டால், சிறகுவலைக்காரன் எங்கே போவான்? முன்னோர் வழக்கம் காத்த எல்லைகளைக் கடதாசியில் எழுதி எவருக்கோ கொடுத்துவிடுவது தீர்வாகாது. பண்ணை வேண்டுமானால் அது சங்கத்தின் பெயரில், சங்கம் குறித்த இடத்தில் இருக்கட்டும்.

ஆகவே நாம் கோருவது இது. குருநகர்த் துறையிலுள்ள ஒவ்வோர் இழுவைப் படகின் கணக்கையும், அதில் பிழைப்போர் கணக்கையும் அரசாங்கத்தார் எடுக்கும்வரை காத்திராமல் நம் சங்கமே எடுக்கட்டும். படகுக்கும் இயந்திரத்துக்கும் நட்டஈடு எவ்வளவு, மாற்றுவலைக்கு எவ்வளவு, கூலியாட்களுக்கு எவ்வளவு என்று எழுதி, மடிகளை ஒப்படைக்கும் நாளையும் நாமே குறிப்போம். அந்த ஏட்டோடு கொழும்பு செல்வோம். அதே ஏட்டோடு தமிழகத்து உடன்பிறந்தாரையும் சந்திப்போம். வலை ஆலையில் அந்த மாற்றுவலை பின்னப்பட வேண்டும் என்றும் கேட்போம்.

படகுச் சொந்தக்காரர்கள் இக்கூட்டத்திலே பலர் இருக்கின்றீர்கள். கோபம் இருந்தால் இப்போதே எழுந்து பேசுங்கள். நாம் கேட்டுவிட்டுத்தான் போவோம்.