பால் காய்ச்சுமுன் ஏறிய கணக்கு

நம் வீடு ஆண்டுக்கு எவ்வளவு கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது என்று பார்க்க, கரண்ட் பில்லும் ஒரு பேனாவும் போதும். சென்னையில் ஆயிரம் சதுர அடி ஃப்ளாட் ஒன்று. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 யூனிட். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் என்று போடலாம். பெருக்கினால் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. கேஸ் சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ போல வரும். ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றாலும் அரை டன்கூட ஆகாது.

இதெல்லாம் குடிவந்த பிறகு ஓடுகிற மீட்டர். பால் காய்ச்சுவதற்கு முன்பே ஏறிவிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் பில்லாகக் கொண்டுவந்து தருவதில்லை.

சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அதற்கு எரிக்கும் நிலக்கரியின் புகை ஒரு பக்கம். அதைவிட அதிகம், அந்தக் கல்லுக்குள்ளேயே இருந்து வெளியேறும் கரியமில வாயு. எரிபொருளை மாற்றினாலும் இது வந்தே தீரும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சராசரியாக 30 கிலோ. மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது, அதனால் கணக்கு குறையும்.

சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், நாலு கிலோ கம்பி என்பது கட்டுமானத்தில் புழங்கும் தோராயக் கணக்கு. ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை. அதில் 12 டன் வாயு. கம்பி நாலு டன். இந்திய எஃகுக்கு டன்னுக்கு இரண்டரை டன் என்று வைத்தால், அதில் 10 டன். ஆக 22 டன். செங்கல், டைல்ஸ், ஜன்னல் அலுமினியம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. பத்து ஆண்டு கரண்ட் பில்லை முதல் நாளே கட்டிவிட்டோம்.

இந்தக் கணக்கு இப்போது ஏன் முக்கியம்? சென்னையில் பழைய ஃப்ளாட்டுகளை இடித்துவிட்டு பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் போடுவது மும்முரமாக நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டமும் வழிவிடுகிறது. “புதுக் கட்டடம், மாடியில் சோலார், எல்லாம் பசுமை” என்று விளம்பரம் வரும். சோலார் போட்டு மின்கணக்கு பாதியாகக் குறைந்தாலும், மிச்சமாவது ஆண்டுக்கு ஒரு டன். 22 டன்னை ஈடுகட்ட 22 ஆண்டுகள்! அந்த சோலாரைப் பழைய மொட்டைமாடியிலும் போடலாமே.

தூணில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் உப்பி உதிர்கிறது என்றால் பேச்சே இல்லை, உயிர்தான் பெரிது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர், பில்டர் அல்ல. தூணையும் தளத்தையும் உடைக்காமலே சோதிக்கும் கருவிகள் அவரிடம் உண்டு. அசோசியேஷன் கூட்டத்தில் ஓட்டெடுப்புக்கு முன்னால் அவருடைய சோதனை அறிக்கையை வாங்கி மேஜையில் வையுங்கள்.